மடை அடைக்குமுன் ஒரு மடல்

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம் வட்டாரக் கல்லூரிகளில் கணினியியல் பயிலும் மாணவ மாணவியருக்கு,



மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரெயிலில் போய்வருகிற உங்களில் பலருக்கு, கடம்பூர் என்றவுடன் ஜன்னலோரம் வந்து நிற்கும் போளிதான் ஞாபகத்துக்கு வரும். அந்த ஊரிலே பிறந்து, கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பஞ்சாலைகளிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதையே ஜீவனமாகக் கொண்டு முப்பது வருஷங்களைக் கழித்துவிட்ட நான், பட்டம் பெற்ற பொறியாளன் அல்லன். ஆயினும், உங்கள் பாடப் புத்தகங்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறாமல் கண்ணெதிரே மறைந்துகொண்டிருக்கும் ஒரு விஷயத்தைப் பற்றி உங்களிடம் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று எண்ணியே இம்மடலை எழுதத் துணிந்தேன்.

நீங்கள் சோதனைக் கூடத்தில் நித்தியமும் பயன்படுத்துகிற லினக்ஸ், 1991-ஆம் ஆண்டு பின்லாந்து தேசத்து மாணவராக இருந்த லீனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கி வைத்தது என்பதை அறிவீர்கள். அதன் நடுவே இருந்துகொண்டு, நினைவகம், வட்டு, வலை ஆகிய சகலத்தையும் பரிபாலனம் செய்யும் பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். இரண்டு இயந்திரங்கள் தம்முள் பேசிக்கொள்ள வேண்டுமானால் இரண்டும் ஒப்புக்கொண்ட பேச்சு முறை ஒன்று வேண்டும். அதையே நெறிமுறை என்கிறோம். இன்று உலகமெங்கும் டிசிபி-ஐபி ஒன்றே கோலோச்சுவதால், வேறு முறைகளும் இருந்தன என்பதே உங்களுக்குப் புதுமையாகத் தோன்றலாம். தொண்ணூறுகளில் நிலைமை அப்படி இல்லை. நோவெல் கம்பெனிக்கு ஐபிஎக்ஸ், டிஜிட்டல் கம்பெனிக்கு டெக்நெட், ஆப்பிளுக்கு ஆப்பிள்டாக், ஐபிஎம்முக்கு டோக்கன் ரிங், தொலைபேசி இலாகாக்களுக்கு எக்ஸ்.25 என்று ஆளுக்கொரு பாஷை வழங்கிற்று. யாரோடும் பேசத் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஆர்வத்தால் லினக்ஸ் இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குத் தன் கெர்னலுக்குள்ளேயே இடம் கொடுத்தது. அப்படி இடம் பெற்றவை இப்போது ஒவ்வொன்றாக வெளியேறி வருகின்றன. 2012-இல் வந்த 3.5-ஆம் பதிப்போடு டோக்கன் ரிங் போயிற்று, பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர்களை இணைத்த எகோநெட் என்ற முறையும் போயிற்று. 2018-இல் வந்த 4.18-இல் ஐபிஎக்ஸ் போயிற்று. 2022 டிசம்பரில் 6.1-இல் டெக்நெட் விடைபெற்றது. பின்னாளில் இடம் பெற்ற டிசிசிபி என்ற முறையும் 2025 ஜூலையில் 6.16-இல் நீங்கிற்று.

இவற்றுள் ஐபிஎக்ஸ் போனதைத்தான் நான் நேரில் உணர்ந்தேன். அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வட்டாரத்தில் ஒரு நூற்பாலை இருந்தது. 1995-இல் அதன் கணக்குப் பிரிவுக்கு நோவெல் நெட்வேர் 3.11 ஏற்றிய சர்வர் ஒன்றும், அதனோடு ஆறு கம்ப்யூட்டர்களும் வந்தன. ஆறையும் ஒரே கறுப்புக் கேபிளில் பூச்சரம் கோப்பதைப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, கேபிளின் இரு முனைகளிலும் 50 ஓம் தடையுள்ள டெர்மினேட்டரைத் திருகிவிட வேண்டும். அது விரல் நுனியளவே உள்ள ஓர் உலோகக் குப்பி. பெருக்க வருகிற அம்மாளின் வாரியல் பட்டு அவற்றுள் ஒன்று கழன்றுவிட்டால் ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான். கடம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போய், மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து, அதைத் திருகிவிட்டுத் திரும்பிய நாட்கள் எத்தனையோ உண்டு. ஆனால் அந்த ஐபிஎக்ஸ் முறையில் ஒரு நேர்த்தி இருந்ததை மறுக்க முடியாது. ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எவரும் எண் சூட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நெட்வொர்க் கார்டிலே தொழிற்சாலையில் பொறித்து அனுப்பிய 48 பிட் எண்ணே அந்த இயந்திரத்தின் அடையாளமாகிவிடும். சர்வரோ நிமிஷத்துக்கு ஒரு தரம் தன் பெயரையும் இருப்பிடத்தையும் கேபிள் முழுவதும் கேட்கும்படி அறிவித்துக்கொண்டே இருக்கும். வலை என்றால் என்னவென்றே அறியாத குமாஸ்தாக்கள் அதைப் பத்து வருஷம் பழுதின்றி ஆண்டார்கள்.

பிறகு ஆலை மூடப்பட்டது. பல ஆண்டுகள் இழுத்தடித்த பணிக்கொடைத் தகராறு ஒரு முடிவுக்கு வரும் தறுவாயில், 2019-இல், கோன் வைண்டிங் பிரிவில் வேலை பார்த்த பெண்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். வருஷத்துக்கு 240 நாள் வேலைக்கு வந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று கேட்கிறார்களாம். மஸ்டர் ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டதாம். அந்தப் பழைய பெட்டிக்குள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். பூட்டிக் கிடந்த அறையைத் திறந்து, தூசியைத் தட்டி, பழைய கணக்குப் பிள்ளையின் நோட்டில் குறித்திருந்த பாஸ்வேர்டைக் கொண்டு சர்வரை உயிர்ப்பித்தோம். அது எழுந்துவிட்டது. ஆனால் அதனோடு பேச ஆள் இல்லை. உங்களைப் போலக் கல்லூரியில் படிக்கிற என் தங்கை மகன் கொண்டுவந்த மடிக்கணினியில் அப்போதுதான் வந்த லினக்ஸ் இருந்தது. அதை எப்படிக் கேட்டாலும், இப்படியொரு முகவரிக் குடும்பத்தை நான் அறியேன் என்ற பொருளில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிச் சொல்லிற்று.

கடைசியில், என் அலமாரியில் பழைய லினக்ஸ் சி.டி. ஒன்று இருந்தது நினைவுக்கு வந்தது. கேபிள் மாட்டும் வாயுள்ள பழைய கார்டு ஒன்றைத் தேடிப்பிடித்து, அதற்கேற்ற பழைய கம்ப்யூட்டரில் செருகி, அந்தச் சி.டி.யால் அதை எழுப்பினேன். அப்போதும் சர்வர் கண்ணுக்குத் தெரியவில்லை. நெட்வேர் 3.11 தன் செய்திகளை ஈதர்நெட்டில் கட்டி அனுப்பும் விதமே தனி. மற்றவர்கள் இடையே வைக்கும் ஒரு சிறு தலைப்பை அது வைப்பதில்லை. ஐபிஎக்ஸ் செய்தியின் தொடக்கத்தில் உள்ள, இரண்டு பைட்டும் முழுக்க ஒன்றுகளாலான எண்ணைக் கண்டுதான் இன்னது என்று இனம் காண வேண்டும். அதற்குப் பின் வந்த நெட்வேர் வேறு கட்டுக்கு மாறிவிட்டபடியால், நானும் புதிய கட்டையே கொடுத்திருந்தேன். பழைய கட்டுக்கு மாற்றிய சில நொடிகளில் சர்வரின் பெயர் திரையில் வந்து நின்றது. அன்று சாயங்காலத்துக்குள் வருகைப் பதிவு முழுவதையும் பிரதி எடுத்துவிட்டோம். அந்தப் பெண்களுள் ஒருவர் தம் டோக்கன் நம்பரைச் சொல்லி, 1997-ஆம் வருஷத்துப் பக்கத்தைத் திரையில் காட்டச் சொன்னார். எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, அந்த வருஷம் தம் மகளின் பிரசவத்துக்காக எடுத்த லீவும் அதில் சரியாக விழுந்திருப்பதாகச் சொன்னார்.

வீடு திரும்பியபோது என் மனம் கோபத்தால் நிறைந்திருந்தது. ஓர் ஏழையின் இருபது வருஷ உழைப்பு, எவரோ கடல் கடந்து உட்கார்ந்து சில ஆயிரம் வரிகளை நீக்கியதால் ஊமையாகிவிடலாமா என்று உள்ளுக்குள் பொருமினேன். பிறகு, நீக்கியவர்கள் கூறிய காரணங்களையும், நீக்காமல் விட்டுவைத்தவற்றால் விளைந்த தீங்குகளையும் ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க என் அபிப்பிராயம் மாறிற்று. அந்த மாற்றத்தின் நியாயத்தை உங்களுக்குச் சொல்வதுதான் இம்மடலின் பிரதான நோக்கம்.

எகோநெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் ஏகார்ன் கம்பெனி, பிபிசி மைக்ரோ முதலிய தன் சிறு கம்ப்யூட்டர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் ஒன்றோடொன்று இணைப்பதற்காக வகுத்த முறை அது. அந்தப் பிபிசி மைக்ரோ நமக்கும் அந்நியமன்று. 1984-இல் மத்திய அரசாங்கம் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் கணினிக் கல்வித் திட்டத்தில் முதலில் ஏறக்குறைய 250 பள்ளிகளுக்கு வந்த இயந்திரம் அதுதான். 2010 வந்தபோது எகோநெட்டைப் பயன்படுத்துவோர் உலகில் அநேகமாக எவரும் இல்லை. ஆனால் அதன் நிரல் மட்டும் கோடிக்கணக்கான லினக்ஸ் இயந்திரங்களில் தூங்கிக்கொண்டிருந்தது. சாதாரண உபயோகிப்பாளர் ஒருவர், எகோநெட் வழியாகப் பேச வேண்டும் என்று ஒரு வரி எழுதிக் கேட்டால் போதும், கெர்னல் அந்த நிரலைத் தானே எழுப்பிக் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதில் இருந்த பிழைகளை நெல்சன் எல்ஹேஜ் என்பவர் கண்டுபிடித்தார். அவற்றோடு வேறொரு பிழையையும் சேர்த்துக் கோத்து, சாதாரண உபயோகிப்பாளர் இயந்திரம் முழுவதற்கும் அதிபதியாகிவிடக்கூடும் என்பதை அவ்வாண்டு டிசம்பரில் டான் ரோசன்பர்க் நிரூபித்துக் காட்டினார். எகோநெட்டைக் கண்ணால் கண்டிராத மனிதரின் இயந்திரமும் எகோநெட்டால் கெடும் என்றால், அதன் கொடுமை எத்தகையது என்று யோசித்துப் பாருங்கள்.

டிசிசிபியின் கதையும் அதற்குக் குறைந்ததன்று. அது பழையதுகூட அன்று; 2005-இல் கெர்னலுக்குள் நுழைந்த, நல்ல எண்ணத்தோடு வகுத்த, ஆனால் உலகம் ஏற்றுக்கொள்ளாமல் விட்டுவிட்ட ஒரு முறை. விடுவித்த நினைவகத்தையே மறுபடியும் விடுவிக்கும் ஒரு பிழை ஏறக்குறையப் பதினொரு வருஷங்கள் அதில் ஒளிந்திருந்து, 2017 பிப்ரவரியில் ஆந்திரே கொனவாலவ் என்ற ஆராய்ச்சியாளரால் வெளிப்பட்டது. பதினொரு வருஷங்களாக அந்தப் பக்கத்தை எவரும் கவனமாகப் படிக்கவில்லை என்பதே இதன் தாத்பரியம்.

நம் ஊர்க் கண்மாய்களைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதைப் புரியவைக்க நான் அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. கரையில் நாலு மடை இருந்து, அவற்றுள் மூன்றின் கீழே பருத்தியும் மிளகாயும் விளைந்துகொண்டிருக்க, நாலாவது மடையின் ஆயக்கட்டு முழுவதும் மனைக்கட்டாகவோ தரிசாகவோ மாறிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். அந்த மடைக்கு நீர்ப்பாய்ச்சி போவதில்லை. அடைப்புப் பலகை உளுத்துப்போயிற்றா, கல் பெயர்ந்ததா, நண்டு வளை தோண்டிற்றா என்று பார்ப்பார் இல்லை. ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து ததும்புகிற இராத்திரியில் கரை எங்கே உடையும்? அந்த நாலாவது மடையில்தான் உடையும். உடைந்தால் மற்ற மூன்று மடைகளின் பயிரும் சேர்ந்தே போகும். ஆகையால் விவரம் அறிந்த பெரியவர்கள், ஆள் இருந்தால் மடையைப் பேணு, இல்லாவிட்டால் கல்லும் மண்ணும் வைத்து அடைத்துவிடு என்பார்கள். கெர்னலைப் பேணுவோர் செய்வதும் அதுவே. கெர்னலுக்குள் இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் இயந்திரம் முழுவதன் மேலும் ஆதிக்கம் உண்டாதலால், படிப்பார் இல்லாத வரி அங்கே இருத்தல் ஆகாது. நீக்கியவர்கள் செய்தது நியாயமே என்று, அந்த வருகைப் பதிவை நேரில் கண்ட பிறகும், நான் தயக்கமின்றிச் சொல்கிறேன்.

டெக்நெட் விஷயத்தில் இது இன்னும் தெளிவு. நம் ரெயில்வேயின் டிக்கெட் முன்பதிவு 1985-86-இல் டெல்லியில் கம்ப்யூட்டருக்கு மாறியபோது, அதைச் சுமந்தவை டிஜிட்டல் கம்பெனியின் வாக்ஸ் இயந்திரங்கள். பிற்பாடு 'கான்சர்ட்' என்ற பெயரில் தேசம் முழுவதையும் 1999-இல் ஒன்றாக இணைத்த ஏற்பாடும் அதே கம்பெனியின் வழிவந்த இயந்திரங்களின் மேல்தான் நின்றது. அந்த வமிசத்து இயந்திரங்களின் தாய்மொழி டெக்நெட். அதன் நான்காம் கட்டத்தில் முகவரி என்பது 16 பிட்; ஆறு பிட் வட்டாரத்துக்கு, பத்து பிட் இயந்திரத்துக்கு; ஆக 63 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு 1,023 இயந்திரங்கள், அவ்வளவே உலகம். இத்தனை சீருடைய முறைக்கு லினக்ஸ் கெர்னலில் 2010 முதல் பொறுப்பாளர் இல்லை. அநாதை என்றே அதற்கெதிரே எழுதி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்தும் ஒருவரும் முன்வராத பிறகே நீக்கினார்கள். நீக்கிய பின்னரும் அதற்குரிய 12 என்ற குடும்ப எண்ணை வேறு எவருக்கும் கொடுக்கவில்லை. ஐபிஎக்ஸுக்கு உரிய 4-உம், எகோநெட்டுக்கு உரிய 19-உம் அவ்வாறே இன்றும் காலியாகக் காக்கப்பட்டு வருகின்றன. வீடு இடிந்து மண்மேடான பின்னும் மனையை அந்த வீட்டுக்காரர் பெயராலேயே நாம் சொல்லி வருவதைப் போன்றது இது.

அப்படியானால் கோன் வைண்டிங் பெண்களின் கதிக்கு என்ன பதில் என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டும்.

கெர்னலுக்குள் இருந்தால்தான் ஒரு நெறிமுறை உயிர் வாழும் என்பது நாமாகக் கொண்ட தவறான எண்ணம். அமெச்சூர் வானொலி அன்பர்களைப் பாருங்கள். அவர்கள் வானொலி அலையிலே வினாடிக்கு 1,200 பிட் வேகத்தில் செய்தி அனுப்ப வகுத்துக்கொண்டது ஏஎக்ஸ்.25 என்ற முறை. அதில் முகவரி என்பது அவரவர் உரிமத்தின் அழைப்புக் குறியேதான். எழுத்துகளின் எண்ணை ஒரு பிட் இடப்புறம் நகர்த்தி, அதாவது இரட்டித்து எழுதுவார்கள். நம் நாட்டு அமெச்சூர் ஒருவரின் குறி 'வி', 'யூ', '2' என்று தொடங்குமானால், அலையில் போகிற முதல் மூன்று பைட்டுகள் 172, 170, 100 என்று இருக்கும். நகர்த்தியதால் காலியான கடைசி பிட்டை, முகவரி இதோடு முடிந்தது என்று காட்டும் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். எத்துணைச் சிக்கனம்! இதே முறையில் சர்வதேச விண்வெளி நிலையமும் 145.825 மெகாஹெர்ட்சில் செய்தி அனுப்பி வந்திருக்கிறது. மாணவர்கள் கட்டி அனுப்பிய சிறு செயற்கைக்கோள்கள் பலவும் பேசியது இதில்தான். இதற்குக் கெர்னலில் இடம் இருந்தாலும் போனாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. சாதாரண நிரலாக வெளியே நின்று, ஒலி அட்டை வழியாகவே ஏஎக்ஸ்.25 முழுவதையும் பேசும் 'டயர் உல்ஃப்' போன்ற மென்பொருள்களை அவர்களே எழுதிவிட்டார்கள். அந்த நிரலில் பிழை இருந்தால் அந்த நிரல் மட்டும் விழும்; இயந்திரம் விழாது. படிக்கிற மனிதர்கள் இருந்தபடியால் முறையும் பிழைத்தது, கரையும் பிழைத்தது. ஐபிஎக்ஸுக்கும் டெக்நெட்டுக்கும் நம்மிடையே அத்தகைய மனிதர்கள் வேண்டும்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இல்லாத சம்சாரி, கரிசல் காட்டு ஜனங்களின் வாயிலிருந்து சொற்களைக் கேட்டுக் கேட்டுத் தொகுத்து, 1982-இல் ஒரு வட்டார வழக்குச் சொல்லகராதியே வெளியிட்டார். ஏற்றம் போய்ப் பம்பு செட் வந்ததை அவரால் தடுக்க முடியாது. ஆனால் ஏற்றத்தின் உறுப்புகளுக்கு வழங்கிய பெயர்கள் ஏற்றத்தோடு சேர்ந்து போய்விடலாகாது என்று ஒரு மனிதர் கருதினால் என்ன செய்யலாம் என்பதை அவர் செய்து காட்டினார். உங்களிடம் நான் வேண்டுவதும் அந்த வகைக் கைங்கரியமே.

லினக்ஸ் கெர்னலின் மாற்ற வரலாறு 2005 ஏப்ரல் முதல் ஒரு வரி விடாமல் 'கிட்' களஞ்சியத்தில் இருக்கிறது. நீக்கப்பட்ட ஐபிஎக்ஸும் டெக்நெட்டும் அங்கே பத்திரமாக உள்ளன. இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு விஷயம் தேடி அலைகிறவர்கள், நூறு பேர் செய்த வருகைப் பதிவுச் செயலியையே மறுபடியும் செய்வதை விட்டு, இவற்றுள் ஒன்றை எடுத்து, வரி வரியாகப் படித்து, கெர்னலுக்கு வெளியே இயங்கும் சிறு நிரலாக எழுதிப் பாருங்கள். படித்ததை நல்ல தமிழில் ஒரு சிறு நூலாக எழுதி வையுங்கள். எக்ஸ்.25 இணைப்பில் வேலை செய்த தொலைபேசி இலாகாவினர் நம் வட்டாரத்தில் ஓய்வு பெற்று இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்க் கேளுங்கள். மூடிய ஆலைகளிலும் தீப்பெட்டி ஆபீசுகளிலும் தூசி படிந்து கிடக்கும் பெட்டிகளைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடுமுன், உள்ளே எவருடைய பதிவு இருக்கிறது என்று ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். பார்க்கத் தெரியாது என்றால் நீங்களே போய்ப் பார்த்துக் கொடுங்கள்.

ஆலைச் சர்வரிலிருந்து கழற்றிய அந்தக் கறுப்புக் கேபிளும், இரண்டு டெர்மினேட்டர்களும், பழைய கார்டும், லினக்ஸ் சி.டி.யும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கும் போவதில்லை. கடம்பூர் ஸ்டேஷனில் இறங்கி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர் வீடு எது என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள். வாருங்கள், எடுத்துக்கொண்டு போங்கள்.

கடம்பூர்.

இப்படிக்கு,
உங்கள் ஊர்க்காரன்